வானத்திலிருந்து கேட்ட ஓட்டு

ஸெகாய் தாஷ்கிரானுக்கு இழைக்கப்பட்ட அநீதிகள் நான்கு. அவற்றை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் அவர் குறுக்கிட்டு, முதலிலிருந்து தானே ஆரம்பிப்பார்.

முதல் அநீதி. ஆரஞ்சுப் பழங்களைப் பெட்டி கட்டும் கொட்டகையில், தொழிலாளர்களுக்குக் கையுறை கேட்டுப் பதினெட்டு நாள் வேலைநிறுத்தம் நடத்தினார். பத்தொன்பதாம் நாள் எல்லாருக்கும் கையுறை வந்தது. அவருக்கு வேலை போனது.

இரண்டாவது. இன்ஜிர்லி ஊருக்கு முக்தாராக, அதாவது ஊர்த் தலைவராக, முதல் தடவை போட்டியிட்டார். எதிராளி ஷாகிர் இவருடைய துண்டறிக்கையையே ஒரு எழுத்து மாற்றாமல் படித்துக் காட்டி ஒன்பது ஓட்டில் ஜெயித்தான்.

மூன்றாவது. அடுத்த தேர்தலன்று டீக்கடையில் இரண்டு பேருக்கு ஓட்டுரிமையின் அருமையை விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கி முடித்தபோது வாக்குச்சாவடியை மூடியிருந்தார்கள். அவருடைய ஓட்டு அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. ஒரு ஓட்டில் தோற்றார். டீக்கடைக் கடிகாரம் நின்றுபோயிருந்தது. அதை நிறுத்தியது யார் என்று இன்றுவரை ஒரு விசாரணையும் இல்லை.

நான்காவது. மூன்றாம் தடவை ஷாகிர் ஒரு வாக்குறுதியும் கொடுக்கவில்லை. ஊருக்கே ஆட்டுக்கறி விருந்து கொடுத்தான். அந்த லஞ்சத்தை அம்பலப்படுத்தி ஸெகாய் நாலு பக்கத் துண்டறிக்கை போட்டார். விருந்துக்கு வந்தவர்களுக்கு எலும்பு வைக்க அது வசதியாக இருந்தது.

இந்த வருஷம் மறுபடியும் தேர்தல். அவருக்கு வயது அறுபத்தேழு. இதில் தோற்றால் இனி இல்லை என்று அவருக்கே தெரியும்.

தேர்தலுக்கு இருபது நாள் இருக்கும்போது, காலைச் சாப்பாட்டில் ஆலிவ் கொட்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டே மனைவி ஹுஸ்னியே கேட்டாள்.

"ஏங்க, இந்தத் தடவை நான் நிக்கட்டுமா?"

"எதுல?"

"தேர்தல்லதான். ரொட்டிக்கடை வரிசையில நிக்க உங்களையா கேக்கப் போறேன்?"

ஸெகாய் பெருந்தன்மையாகச் சிரித்தார். "முக்தார் வேலைன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தாள்ல முத்திரை குத்தறது."

"அது உருவம்மா. உள்ளடக்கம் என்ன?"

"குத்தின முத்திரை தெளிவா விழுந்திருக்கான்னு பாக்கறது."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். பொதுவாழ்க்கை இவளுக்குப் பிடிபடாது. கடற்கரைக்குப் போகும் பாதையை ஹோட்டல்காரர்கள் வேலி போட்டு அடைத்தபோது அவர் பதினோரு துண்டறிக்கை எழுதினார். பன்னிரண்டாவதை எழுதிக்கொண்டிருக்கையில் இவள் என்ன செய்தாள்? பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய், அந்த வேலியில் ஊர்த் துணியெல்லாம் காயப்போட்டாள். உள்பாவாடை, கம்பளி, கிழவர்களின் நீளக் கால்சட்டை. மூன்றாம் நாள் ஹோட்டல்காரர்களே வேலியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பாதை திறந்தது உண்மைதான். ஆனால் கொள்கை எங்கே?

"சரி, விடுங்க," என்றாள் ஹுஸ்னியே. "மனு கொடுக்கக் கடைசி நாள் என்னிக்கு?"

"மனுவே கிடையாது. மத்த தேர்தல் மாதிரி இல்ல இது. வெள்ளைத் தாள்ல ஊர்க்காரங்க யார் பேரை எழுதி உறையில போட்டாலும் செல்லும். சட்டத்தோட அழகே அதுதான்."

"யார் பேரை எழுதினாலுமா?"

"யார் பேரை எழுதினாலும்."

"கையால எழுதினாலும்?"

"கரிக்கட்டையால எழுதினாலும்."

ஹுஸ்னியே அவருக்கு இன்னொரு கிளாஸ் டீ ஊற்றினாள். இந்த மாதிரிச் சந்தேகங்களைத் தீர்த்துவைப்பதில் அவருக்கு எப்போதும் மகிழ்ச்சிதான்.

அந்த வாரத்தில்தான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. தேர்தல் நாளன்று பிரசாரம் கூடாது. சட்டப் புத்தகத்தை எடுத்து விரலை வைத்துப் படித்தார். தெருவில் கூடாது, சந்தையில் கூடாது, சுவரில் கூடாது, ஒலிபெருக்கியில் கூடாது. வானம் என்ற சொல்லைத் தேடினார். எங்கும் இல்லை.

வானமோ தலைக்கு மேலேயே இருந்தது. இன்ஜிர்லிக்குப் பின்னால் பாபா மலை. அதன் உச்சியிலிருந்து காலை முதல் மாலை வரை துணி இறக்கை கட்டிப் பறக்கும் பாராகிளைடர்கள் இறங்கிக்கொண்டே இருக்கும். முன்னால் ஒரு சுற்றுலாப் பயணி, அவர் முதுகோடு கட்டிக்கொண்டு பின்னால் ஒரு ஓட்டி. எல்லாருக்கும் சொந்தமான வானத்தை அரை மணி நேரத் துண்டுகளாக வெட்டி விற்கிறார்கள் என்று ஸெகாய் ஒரு துண்டறிக்கையே போட்டிருந்தார். இப்போது அந்த வானத்தில் ஒரு துண்டு தொழிலாளி வர்க்கத்துக்கு வேண்டும்.

"நீங்களா? பறக்கப் போறீங்களா?" என்றாள் ஹுஸ்னியே. "பரண்ல இருந்து பானை எடுக்க ஏணியில ஏறினாலே கண்ணை மூடிக்குவீங்க."

"அது சொந்த விஷயம். இது பொது விஷயம்."

"வேண்டாங்க. அந்த ஷாகிரே ஒரு தடவை மலை உச்சி வரைக்கும் போயிட்டு, பயந்து வேன்லயே திரும்பி வந்துட்டாராம்."

அதற்குப் பிறகு அவரைத் தடுக்க யாராலும் முடியாது.

துணியில் பெயர் எழுதும் வேலை ஹுஸ்னியேவுக்கு. ஒரு படுக்கை விரிப்பை வெட்டினாள். சிவப்புத் துணியில் எழுத்து வெட்டித் தைத்தாள். ஒரு முனையை ஸெகாயின் இடுப்புப் பட்டையில் கட்ட வேண்டும். மறுமுனையில் ஒரு மூங்கில் கழி. பறக்கும்போது கயிற்றை இழுத்து, கழியைக் காலால் எட்டித் தள்ளினால், துணி அவர் கால்களுக்குக் கீழே தட்டையாக விரியும். ஊர் அண்ணாந்து படிக்கும்.

"கீழ இருக்கறவங்க படிக்க ஒரு பக்கம். நீங்க படிச்சு சந்தோஷப்பட ஒரு பக்கம். ரெண்டு துணி சேத்துத் தைக்கறேன், காத்துல கிழியாது," என்றாள்.

ஸெகாய் நெகிழ்ந்துபோனார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் இயக்கத்துக்காக ஒரு ஊசி குத்தியதில்லை. தைத்து முடித்ததை மேஜைமேல் விரித்துக் காட்டினாள். 'முக்தார் ஸெகாய் தாஷ்கிரான்.' நூல் பிசிறு இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கழியில் இறுக்கிச் சுருட்டி, முடிச்சுப் போட்டு, 'இந்தப் பக்கம் மேலே' என்று சீட்டும் குத்திவைத்தாள்.

தேர்தல் நாள் ஞாயிறு. பள்ளிக்கூடம் திறந்ததும் முதல் ஆளாக இருவரும் ஓட்டுப் போட்டார்கள். சாவடிக்குத் தலைவி நெர்மின் டீச்சர். அவளிடம் ஸெகாய் நாலு பக்க விளக்கம் ஒன்றைக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். தலைப்பு: வானம் தெரு அல்ல. டீச்சர் அதைப் படித்து, மற்ற உறுப்பினர்களுக்கும் காட்டி, பத்திரமாக மேஜை இழுப்பறையில் வைத்தாள்.

மலை உச்சியில் துன்ஜாய் காத்திருந்தான். ஹுஸ்னியேவின் தம்பி. பத்தொன்பது வருஷமாக ஊர் பேர் தெரியாதவர்களை முன்னால் கட்டிக்கொண்டு பறக்கிறவன்.

"மச்சான், எடை எவ்வளவு?"

"எழுபத்தெட்டு."

"அக்கா தொண்ணூத்தொண்ணுன்னு சொல்லுச்சு."

"பிறகு எதுக்குக் கேக்கற?"

"அக்கா பொய் சொல்லுதா நீங்க பொய் சொல்றீங்களான்னு பாக்கத்தான். சரி, நான் ஓடுன்னு சொன்னா ஓடணும். தரை போனப்புறமும் ஓடணும். பாதியில உக்காந்தீங்கன்னா ரெண்டு பேரும் உருளுவோம்."

"என் வாழ்க்கையில நான் பாதியில உக்காந்ததே இல்ல."

"அதான் அக்காவுக்குக் கவலையே."

பின்னால் துணி இறக்கை படபடத்து எழுந்தது. துன்ஜாய் ஓடச் சொன்னான். ஸெகாய் ஓடினார். நாலு அடி மலை இருந்தது. ஐந்தாவது அடிக்கு மலை இல்லை. அவர் கால்கள் மட்டும் நிறுத்தாமல் காற்றில் ஓடிக்கொண்டிருந்தன.

"போதும் மச்சான். ஓட வேண்டாம். வந்தாச்சு."

கண்ணைத் திறந்தார்.

எங்கே வந்தோம் என்று அவருக்குப் புரியவில்லை. சத்தமெல்லாம் மலையிலேயே தங்கிவிட்டது. கீழே கடல் கிடந்தது, யாரும் இன்னும் கைவைக்காத ஒன்றைப் போல. கரையோரம் பால் கலந்த பச்சை. அதைத் தாண்டி நீலம். அதைத் தாண்டி, நீலம் என்று சொல்லப் போதாத ஏதோ ஒன்று. மணல் திட்டு ஒரு கையை வளைத்து உப்பங்கழியை அணைத்துக்கொண்டு தூங்கியது. பைன் காட்டின் மேல் அவர்களுடைய நிழல் ஒரு சிறிய இலையாக ஊர்ந்துபோனது. காற்றுக்குத் தைம் என்னும் மலை மூலிகையின் வாசனை இருந்தது.

வேலிகளைத் தேடினார். ஒரு வேலியும் தெரியவில்லை. ஹோட்டல்காரனின் நிலம், ஷாகிரின் நிலம், பெட்டிக் கொட்டகை முதலாளியின் தோட்டம், எல்லாம் ஒரே போர்வையாகக் கிடந்தன. இதைத்தானே நாற்பது வருஷமாக எழுதினோம் என்று நினைத்தார்.

"துன்ஜாய், எனக்கு நடந்த அநீதியெல்லாம் உனக்குச் சொல்லியிருக்கேனா?"

"என் கல்யாணத்துல சொன்னீங்க."

"முதலாவது, கையுறை. அப்புறம் அந்த ஆட்டுக்கறி. இல்ல, அதுக்கு முன்னாடி கடிகாரம்..."

வரிசை தப்பிவிட்டது. திரும்பவும் ஆரம்பித்தார். திரும்பவும் தப்பியது. ஆச்சரியம் என்னவென்றால், அவருக்கு அதில் கோபம் வரவில்லை. கடற்பறவை ஒன்று பக்கத்திலேயே, அவர் கால் உயரத்தில், இறக்கையை அசைக்காமல் கூட வந்தது. அதற்கு வழிவிட்டு அவர் மெதுவாகக் காலை ஒதுக்கிக்கொண்டார்.

"மச்சான், ஊர் வந்துடுச்சு."

இன்ஜிர்லி உள்ளங்கை அளவுக்கு இருந்தது. பிறகு தட்டு அளவுக்கு. ஓட்டுக்கூரைகள், சூரிய வெந்நீர்த் தொட்டிகள், பள்ளிக்கூடக் கொடி. ஸெகாய் கயிற்றை இழுத்தார். கழியை எட்டி உதைத்தார். துணி படார் என்று விரிந்து நின்றது. நீலக் கடலின் மேல் சிவப்பு எழுத்தில் அவருடைய பெயர். தன் பெயரை இவ்வளவு பெரிய தாளில் அவர் பார்த்ததில்லை.

கீழே பெண்கள் மொட்டைமாடிகளுக்கு ஓடி வந்தார்கள். தலைத்துணியை அவிழ்த்து வீசினார்கள். டீக்கடையில் ஆண்கள் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றார்கள். ஷாகிர் தெருவுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி, அண்ணாந்து வாயைத் திறந்து நின்றான். ஆரவாரம் மேலே வரும்போது பஞ்சு போல மென்மையாகியிருந்தது.

"இன்னொரு சுத்து போலாமா மச்சான்?"

"போ. சும்மா போ."

மூன்று சுற்று சுற்றினார்கள். மக்கள் தன்னைப் புரிந்துகொண்டார்கள் என்று ஸெகாய்க்குக் கண் கலங்கியது. கடற்கரையில் இறங்கியபின் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூழாங்கல்லில் படுத்தார். பள்ளி வாசலில் நின்று வருகிறவர்களின் முகத்தைப் படிப்பது அவர் வழக்கம். அன்று எழுந்திருக்கவே தோன்றவில்லை. ஐந்து மணிக்கு துன்ஜாய் வந்து எழுப்பினான்.

பள்ளிக்கூடத்தில் எண்ணிக்கை. உறைகளைப் பிரித்து ஒவ்வொரு பெயரையும் சாட்சிகள் முன் உரக்கப் படிக்க வேண்டும் என்பது விதி. ஸெகாய் முதல் பெஞ்சில் முழங்காலை மடித்து உட்கார்ந்தார். நெர்மின் டீச்சர் முதல் உறையைப் பிரித்தாள்.

"ஹுஸ்னியே தாஷ்கிரான்."

ஸெகாய் எழுந்தார். "ஆட்சேபம். பேர் பாதி தப்பு."

டீச்சர் தாளைத் திருப்பிக் காட்டினாள். தப்பு இல்லை. அடுத்ததும் அதேதான். அதற்கடுத்தது ஷாகிர். பிறகு வரிசையாக ஹுஸ்னியே. பேனாவில் எழுதியது, பென்சிலில் எழுதியது, புருவம் தீட்டும் மையில் எழுதியது. கரும்பலகையில் கோடுகள் இடம் போதாமல் அடுத்த வரிக்கு வந்தன.

ஷாகிர் எழுந்தான். "இது செல்லாது டீச்சர். தேர்தல் நாள்ல வானத்துல ஓட்டுக் கேட்டாங்க. ஊரே பாத்துச்சு."

டீச்சர் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். "வானத்துல கேக்கலாம்னு ஸெகாய் ஐயா காலையிலேயே எழுதிக் கொடுத்திருக்காரு. நாலு பக்கம். ஒரு ஓட்டையும் இல்ல. நாங்க எல்லாரும் ஒத்துக்கிட்டோம்."

ஷாகிர் ஸெகாய் பக்கம் திரும்பினான். "பெண்டாட்டிக்காகப் புருஷனே மலை ஏறிக் குதிச்சு ஓட்டுக் கேட்டா நான் என்னய்யா பண்ணுவேன்? எங்க அண்ணன்கூட அவளுக்குத்தான் போட்டான். புருஷனே சொல்லும்போது நமக்கு என்னடான்னு கேக்கறான்."

"யாருக்குக் கேட்டேன்? நான் எனக்குத்தான் கேட்டேன். துணியில என் பேர்தான் இருந்துச்சு. என் கண்ணால படிச்சேன்."

ஜன்னலோரம் நின்ற ஹுஸ்னியே நிதானமாகச் சொன்னாள்.

"நீங்க மேல இருந்து படிச்சீங்க."

"ஊரு?"

"ஊரு கீழ இருந்து படிச்சுது."

ஸெகாய் மெல்ல உட்கார்ந்தார். எண்ணிக்கை முடிந்தது. ஹுஸ்னியே நூற்றுப் பதினான்கு. ஷாகிர் அறுபத்தெட்டு. ஸெகாய் இரண்டு.

அந்த இரண்டை அவர் நெடுநேரம் பார்த்தார். "ஒண்ணு நான் போட்டது. இன்னொண்ணு யாரு?"

"நான்தாங்க," என்றாள் ஹுஸ்னியே. "கட்டின புருஷனுக்குப் போடாம வேற யாருக்குப் போடுவேன்?"

வாசலில் ஊர் திரண்டிருந்தது. முடிவை அவர்களுக்குப் படிக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் பெயர் படித்து நெர்மின் டீச்சரின் குரல் கம்மிவிட்டது. தாளைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள்.

"இவர்கிட்ட கொடுங்க டீச்சர்," என்றாள் ஹுஸ்னியே. "இவர் குரல்தான் கடைசி ஆள் வரைக்கும் கேக்கும்."

நாற்பது வருஷமாகக் கூட்டம் கண்ட தொண்டை. கையில் தாள், எதிரே மக்கள். அவரால் பேசாமல் இருக்க முடியவில்லை. படியில் ஏறி நின்று, ஒரு தடவை கனைத்து, சாட்சிகள் இரண்டு பக்கமும் நிற்க, ஒவ்வொரு எழுத்தும் மலையில் மோதித் திரும்பும்படி ஸெகாய் படித்தார்:

"இன்ஜிர்லி ஊர் முக்தார், ஹுஸ்னியே தாஷ்கிரான்."