நான் தசை வளர்த்த படலம்

வாரத்தில் ஏழு நாளும் சிக்கன் சாப்பிடுவது என்று ஒரு வியாழக்கிழமை மாலை தீர்மானித்தேன். நாவலூரிலிருந்து வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே எடுத்த தீர்மானம். அதனால் உறுதியாக நின்றது.

காரணம் இருந்தது. அன்று ஆபீசில் மருத்துவ முகாம். ஒரு மெஷின்மேல் ஏறி நிற்கச் சொன்னார்கள். நின்றேன். அது ஒரு சீட்டைத் துப்பியது. தசை இருக்க வேண்டியதைவிட நாலு கிலோ குறைவு. கொழுப்பு ஆறு கிலோ அதிகம். டாக்டர் சீட்டைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். "புரதம் நிறைய எடுத்துக்கோங்க தேவானந்தம்" என்றார். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். காதில் விழவில்லை. புரதம் என்ற சொல்லிலேயே எனக்கு மசாலா வாசனை வந்துவிட்டது.

எங்கள் இரும்புலியூர் வீட்டில் சிக்கனுக்கு ஒரே நாள். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய் வந்த பிறகு. மற்ற ஆறு நாளும் சாம்பார், ரசம், கீரை. சட்டம் இயற்றியவள் என் மனைவி ஹில்டா. தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறாள். அறுபது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைப்பவள். நான் ஒற்றை ஆள்.

"ஹில்டா, டாக்டர் எனக்குத் தினமும் சிக்கன் எழுதிக் குடுத்துட்டார்."

"எந்த மெடிக்கல்ஸ்ல கிடைக்குமாம்?"

"விளையாடாத. எனக்குத் தசை கம்மியாம். புரதம் சாப்பிட்டாத்தான் ஏறுமாம்."

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். மோசமான அறிகுறி.

"சாப்பிட்ட சிக்கன் நேரா போய் உங்க கையில உக்காந்துக்குமா?"

"பின்ன?"

"வயித்துலயும் குடல்லயும் அமினோ அமிலமா உடையும். ரத்தத்துல சுத்தும். தசை கூப்பிட்டாத்தான் உள்ள போகும்."

"கூப்பிடலைன்னா?"

"உடம்பு எரிச்சுச் செலவு பண்ணிடும். நைட்ரஜன் யூரியாவாகி பாத்ரூம் வழியா வெளிய போயிடும். அளவுக்கு மீறித் தின்னா இங்க வந்து சேரும்." மறுபடி கையில் ஏறிய பேனா என் தொப்பையைச் சுட்டியது. "அதுல லூசின்னு ஒண்ணு..."

"இப்ப எதுக்கு என்னைத் திட்டுற?"

"லூசு இல்லங்க, லூசின். ஒரு அமினோ அமிலம். தசை கட்டுற வேலைக்கு அதுதான் மேஸ்திரி. சிக்கன், முட்டை, பால் எல்லாத்துலயும் இருக்கு. ஆனா மேஸ்திரி வந்தா மட்டும் பத்தாது. வீடு கட்டணும்னு ஒருத்தர் சொல்லணும். பாரம் தூக்கினாத்தான் தசை சொல்லும்."

"தூக்கிட்டாப் போச்சு!"

இந்த ஒரு வார்த்தைக்காக இன்றுவரை வருந்துகிறேன்.

"அப்ப சரி. நாளையிலிருந்து தினமும் சிக்கன்," என்றாள்.

கல்யாணமாகி பத்தொன்பது வருஷத்தில் நான் கேட்டதற்கு அவள் உடனே சரி சொன்னது அதுதான் முதல் தடவை. பயந்திருக்க வேண்டும். பசியில் இருந்தேன்.

மறுநாள் சிக்கன் வந்தது. கூடவே ஒரு குட்டித் தராசும் வந்தது.

"நூறு கிராம்," என்றாள்.

"என்ன இது, நகைக்கடையா?"

"இதுலயே முப்பது கிராம் புரதம் இருக்கு. ஒரே வேளையில முழுக் கோழியை முழுங்கினாலும் தசை ஒரு அளவுக்குத்தான் கட்டும். காலையில முட்டை, மதியம் சுண்டலும் தயிரும், ராத்திரி இது. பிரிச்சுப் பிரிச்சுக் குடுக்கணும்."

புரதம் என்று ஆரம்பித்தது விரதம் மாதிரி இருந்தது. இருந்தாலும் சிக்கன் சிக்கன்தானே என்று எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் தண்ணி கேன்காரர் குரல் கேட்டது. ஹில்டா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கீழயே வச்சிட்டுப் போங்கண்ணா. இனிமே மேல தூக்கிட்டு வர ஆள் இருக்கு."

இருபது லிட்டர் கேன். இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. தாம்பரத்துக்கு ஒரு கால் சேர்த்தால் 'தாம் பாரம்' ஆகிவிடும் என்பதை ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களாலும் உணர்ந்தேன்.

இரண்டாம் வாரம் அது கொஞ்சம் எளிதாயிற்று. அதை வாய்விட்டுச் சொன்னது என் தப்பு.

"தசை பழகிடுச்சு," என்றாள். "ஒரே பாரம்னா வளர்ச்சி நின்னுடும். கூட்டணும்."

மூன்றாவது மாடி ஆஷா வீட்டுக் கேனும் என் தோளில் ஏறியது. ஆஷா கதவைத் திறந்து, "நீங்க வெயிட் தூக்குறீங்கன்னு ஹில்டாக்கா சொன்னாங்கண்ணா. அப்படியே அந்தக் கிரைண்டரையும் நகர்த்திடுங்களேன்," என்றாள். கிரைண்டருக்குப் பிறகு பீரோ. பீரோவுக்குப் பிறகு, பீரோ பழைய இடத்திலேயே இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

மூன்றாம் வாரம் போனில் ஒரு ஆயுதம் அகப்பட்டது. ஓடி வந்தேன்.

"ஹில்டா! தசை வளர்றது தூக்கும்போது இல்ல. ஓய்வுலதான்! ரெண்டு நாள் ரெஸ்ட் குடுக்கணுமாம்!"

"ரொம்ப கரெக்ட்," என்றாள். "இன்னைக்கும் நாளைக்கும் கைக்கு ரெஸ்ட். காலுக்கு வேலை. மாடியில துணி காயுது, தடவைக்கு ரெண்டு ரெண்டா எடுத்துட்டு வாங்க."

கடைசி வழி எபி. தெருமுனை ஜிம்மின் டிரெய்னர். தோள் அகலத்துக்கு வாசலில் பக்கவாட்டாகத்தான் நுழைவான். அவனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"விடுண்ணா," என்றான். "ஓவர்டிரெய்னிங், பத்து நாள் படுத்துகினு இருக்கணும்னு அண்ணிகிட்ட சொல்லிடறேன். நம்மளப் பாத்தாலே நம்பிடுவாங்க."

வெள்ளிக்கிழமை மாலை வந்தான். பக்கவாட்டாக நுழைந்தான். சமையலறையிலிருந்து ஹில்டா வந்தாள்.

"எபனேசர்! கடைசி பெஞ்ச் எபனேசர்தானே?"

எபி ஒரு சுற்று சுருங்கினான். கையைக் கட்டிக்கொண்டான். "குட் ஈவினிங் மிஸ்!"

நான் முழங்கையால் இடித்தேன்.

"மிஸ்... சாருக்கு ஓவர்டிரெய்னிங் மிஸ்."

"அப்படியா? எப்படித் தெரியும்? என்ன கேக்கணுமோ கேளு."

அவன் என் பக்கம் திரும்பினான். 'அண்ணா'வாக இருந்த நான் 'சார்' ஆகிவிட்டிருந்தேன். "தூக்கம் எவ்வளவு சார்?"

"எட்டு மணி நேரம்," என்றேன். ஹில்டா பார்த்துக்கொண்டிருந்தாள். "லீவு நாள்ல மதியம் ரெண்டு."

"உடம்பு வலி?"

"முதல் வாரம் இருந்துச்சு."

"இப்ப?"

"...இல்ல."

"கேனோட மூணாவது மாடி நிக்காம ஏறுறீங்களா சார்?"

"ஏறுறேன்."

எபி நிமிர்ந்து நின்று, பள்ளியில் ஒருநாளும் சொல்லாத சரியான பதிலைச் சொன்னான்.

"மிஸ், இது ஓவர்டிரெய்னிங் இல்ல. பாரம் பத்தல."

"வெரி குட்," என்றாள் ஹில்டா. இருபத்தெட்டு வயதுத் தடியன், கண் கலங்கிவிட்டான். காபி கொடுத்தாள். குடித்துவிட்டு எழுந்தான்.

"வர்றேன் மிஸ். நாளைக்கு வூடு மாத்துறோம். கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ்னு ஏகப்பட்ட சாமான் கீது... சாரி மிஸ், இருக்கு."

"புது வீடு எத்தனாவது மாடி?"

"நாலு மிஸ். லிஃப்ட் இல்ல. தூக்கறதுக்கு லாரியோட மூணு ஆளு வர்றாங்க."

ஹில்டா என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

"எபனேசர்," என்றாள், "லாரியோட டிரைவர் மட்டும் வந்தாப் போதும்னு சொல்லிடு."