மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு பாட்டில் விளக்கெண்ணெய்

தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறவன் பாக்கியசாலி. இருபத்து நாலு வயதில் எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கடிகாரம் ரிப்பேர், கல்யாணச் சமையல், ஜாதகக் கணக்கு என்று யார் எதைக் கேட்டாலும் "அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல" என்று முன்னால் போய் நிற்பேன். (இந்த வியாதி உங்களுக்கு எப்போது குணமாயிற்று என்று கேட்காதீர்கள். என் மனைவி பக்கத்து அறையில்தான் இருக்கிறாள்.)

அப்போது நான் மலாயாவில், சிகாமட்டுக்குப் பத்து மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக இருந்தேன். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. சின்னக் கிராணி என்றால் பெரிய கிராணிக்குப் பிடிக்காத வேலைகளையெல்லாம் செய்கிற குமாஸ்தா. அக்காவும் அத்தானும் அதே தோட்டத்தில் இருந்ததால் அவர்கள் வீட்டிலேயே எனக்குச் சாப்பாடும் ஏச்சும் வேளை தவறாமல் கிடைத்தன.

சீமைக்குத் திரும்பிப் போன இளைய துரை ஒருவர் தம்முடைய பழைய மோட்டார் சைக்கிளை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். வண்டி மிகச் சின்னது. அக்கா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது இன்னும் வளருமாடா?" என்று கேட்டாள். வண்டியோடு ஒரு கையேடும் வந்தது. அந்தப் புத்தகம் மட்டும் வராமலிருந்தால் நான் சொல்லப்போகும் மானக்கேடு நடந்தே இருக்காது.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் பன்னிரண்டு மைல் தொலைவில் இருந்த பெரிய தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரின் மகள். அவளை நான் முன்பே ஒருமுறை சிகாமட் ரயில் நிலையத்தில் பார்த்திருந்தேன். கடலைக்காரனுடைய அளவுப் படியில் அடிப்பகுதி உள்ளே தள்ளியிருப்பதை விரலை விட்டுக் காட்டி, "இதுல ஒரு பிடி கொறையுதே அண்ணே" என்று சிரிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே என் மனம் தீர்மானித்துவிட்டது. கட்டினால் இவளைத்தான் கட்டுவது, இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம்.

ஆனால் அவளுடைய அப்பா லேசுப்பட்டவர் அல்லர். பேருக்குத்தான் காயம் கட்டும் டிரஸ்ஸர், எங்கள் தோட்டத்தையும் சேர்த்துச் சுற்றிலும் இருந்த நாலைந்து தோட்டங்களுக்கு அவர்தான் வைத்தியம் பார்த்தார். மாப்பிள்ளைக்குச் சொத்து வேண்டாம், பெரிய சம்பளம் வேண்டாம், உடம்பு மட்டும் பழுதில்லாமல் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கு முன்னால் வந்த ஒரு மாப்பிள்ளையை, மலேரியாவில் மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருந்தார். எனக்கு அடுத்து ஜொகூர் பாருவிலிருந்து ஒரு வாத்தியார் வருவதாக இருந்தது. வாத்தியார் தினம் தண்டால் எடுப்பவராம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அக்காவும் அத்தானும் மாட்டு வண்டியில் காலையிலேயே கிளம்புவது, நான் பின்னால் மோட்டார் சைக்கிளில் போய் வாசலில் இறங்குவது என்று ஏற்பாடு. சும்மா இருந்திருக்கலாம். சனிக்கிழமை மத்தியானம் கையேட்டைப் புரட்டினேன். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை இன்ஜினின் பழைய எண்ணெயை இறக்கிவிட்டுப் புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று போட்டிருந்தது.

"அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்ஜினின் அடியில் ஒரு திருகாணி இருக்கும். அதைக் கழற்றினால் எண்ணெய் தானாக வடியும். அக்காவின் தோசை மாவுச் சட்டியை அடியில் வைத்துத் திருகாணியைக் கழற்றினேன். வடிந்தது. தார் போலக் கறுப்பாக, கடைசிச் சொட்டு வரை அழகாக வடிந்தது. அதைக் கொண்டுபோய் வாழை மரத்தடியில் கொட்டிவிட்டு, போன மாதம் சீனன் கடையில் வாங்கி வைத்திருந்த புது எண்ணெய் டின்னை எடுக்கப் போனேன். டின்னில் காற்றுதான் இருந்தது.

"அக்கா! இதுல இருந்த எண்ணெய் எங்க?"

"அதுவா? சாப்பாட்டு அலமாரிக்கு எறும்பு ஏறாம இருக்க, நாலு காலுக்கும் கிண்ணம் வச்சு ஊத்தினேன். அப்பப்பக் காயக் காய ஊத்திட்டே இருந்தேன். ஒரு மாசமா ஒரு எறும்பு வரலடா. நல்ல எண்ணெய், இன்னொரு டின்னு வாங்கிட்டு வா."

சிகாமட் பத்து மைல். எண்ணெய் வாங்கி வர வண்டி வேண்டும். வண்டி ஓட எண்ணெய் வேண்டும். இந்த இடத்தில் புத்திசாலி ஒருவன் மறுநாள் மாட்டு வண்டியில் அக்காவோடு ஏறிப் போயிருப்பான். நான் மறுபடியும் கையேட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: பந்தயம் ஓட்டுகிறவர்கள் இன்ஜினுக்கு விளக்கெண்ணெய் ஊற்றுவதுண்டு.

விளக்கெண்ணெய்! தோட்டத்தில் அதற்கா பஞ்சம்! மாதம் ஒருமுறை தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, மூக்கைப் பிடித்து ஊற்றுவதற்கென்றே மருந்தறையில் பாட்டில் பாட்டிலாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஓட்டமாக ஓடினேன். மருந்தறையைப் பார்த்துக்கொண்ட பெரியவர் பூட்டிக்கொண்டு கிளம்பும் நேரம்.

"ரெண்டு பாட்டிலு விளக்கெண்ணெய் வேணும்ணே. அவசரம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டா? யாருக்கு?"

"எனக்குத்தான். நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறேன், அதுக்குள்ள ஊத்தியாகணும்."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பாட்டில்களை எடுத்து வைத்து, மருந்துப் புத்தகத்தில் என்னவோ எழுதி, புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். நீட்டியதில் படிக்காமல் கையெழுத்துப் போடுவது குமாஸ்தா வேலையில் தானாக வந்துவிடும் பழக்கம். போட்டேன். அந்தப் புத்தகம் ஞாயிறு காலையில் யார் மேஜைக்குப் போகும் என்று நான் யோசிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் திருகாணிக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்க வேண்டிய வாஷரைக் காணோம். பழைய எண்ணெயோடு அதுவும் வாழை மரத்தடிக்குப் போயிருந்தது. அரை மணி நேரம் சேற்றைத் துழாவியும் கிடைக்கவில்லை. அதனால் என்ன, ரப்பர் தோட்டத்துக்காரன் வாஷருக்கு அழுவானா? புகைக் கூடத்துக்குப் போய், அங்கே காய்ந்துகொண்டிருந்த ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டு நறுக்கி, வட்டமாக வெட்டிப் போட்டு இறுக்கி, இரண்டு பாட்டிலையும் இன்ஜினுக்குள் கவிழ்த்தேன். சீமைக்குப் போய்க் கந்தகம் சேர்த்து வேகவைத்த பிறகுதான் ரப்பர் சூடு தாங்கும், அதற்கு முன் அது வெறும் பிசின் என்பது, ஆறு வருஷம் ரப்பர் ஷீட்டை எண்ணி எண்ணி எழுதிய எனக்குத் தெரியாது.

மறுநாள் வெள்ளை டிரில் கால்சட்டை, வெள்ளைக் கோட்டு, தலையில் தொப்பி சகிதம் கிளம்பினேன். சத்தியமாகச் சொல்கிறேன், வண்டி அப்படி ஒரு நாளும் ஓடியதில்லை. விளக்கெண்ணெய் குடித்த இன்ஜின் குழந்தையாகச் சிரித்தது. மேட்டில் ஏறியது, இறக்கத்தில் பறந்தது, எதிரே வந்த மலாய்க்காரக் கிழவர் ஒருவர் "அலமாக்!" என்று கத்திக்கொண்டு சைக்கிளோடு புல்லுக்குள் இறங்கினார். நான் வாய்விட்டுப் பாடினேன். ஜொகூர் பாரு வாத்தியாரே, உங்கள் தண்டாலை உங்கள் ஊரிலேயே எடுங்கள்!

பதினோராவது மைலில் வலது காலில் சூடாக என்னவோ பட்டது. குனிந்து பார்த்தேன். கால்சட்டை முழங்கால் வரை பழுப்பாக நனைந்திருந்தது. அடுத்த கணம் இன்ஜின் ஒரு கேவல் கேவி, இறுகி நின்றுவிட்டது. மிச்ச மைலை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வியர்வையில் முகம் கறுத்து, எண்ணெயில் கால் பளபளக்க அந்தத் தோட்டத்து லயத்தின் வழியே போனபோது, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்கள். ஒருவன் "டேய், விளக்கெண்ணெய்டா!" என்று அலறினான். ஒரே நொடியில் லயம் காலி. கதவுகள் சாத்தும் சத்தம்தான் கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி. டிரஸ்ஸர் வாசலில் நின்றிருந்தார். அவர் மூக்கும் ஒருமுறை உறிஞ்சியது. என்னை ஒரு மாதிரி இரக்கமாகப் பார்த்தார்.

"வாங்க தம்பி. நடந்தா வந்தீங்க? அதுவும் நல்லதுதான்." என் முழங்கையைப் பிடித்து மெல்ல உள்ளே கூட்டிப் போனார். கூடத்தில் போட்டிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்வாசலுக்குப் பக்கத்தில் போட்டு, அதில் என்னை உட்கார வைத்தார். "வாழைத் தோப்புக்குப் பின்னாடி இருக்கு. வாளி நிறையத் தண்ணி வச்சிருக்கேன். கூச்சப்படாதீங்க."

கால்சட்டையைக் கழுவத்தான் சொல்கிறார், எவ்வளவு பண்பான மனிதர் என்று நினைத்துக்கொண்டு, "இருக்கட்டுங்கய்யா, அப்புறம் பாத்துக்கறேன்" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார்.

அவள் தட்டோடு வந்தாள். அக்காவுக்கும் அத்தானுக்கும் கேசரி, உளுந்து வடை. எனக்கு ஒரு தம்ளர் அரிசிக் கஞ்சி, கொஞ்சம் உப்புப் போட்டு. நான் தம்ளரைப் பார்த்தேன், அக்கா என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளைக்குக் கஞ்சி கொடுக்கும் சம்பந்தத்தை நாங்கள் இருவருமே கேள்விப்பட்டதில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை டிரஸ்ஸர் கடிகாரத்தைப் பார்ப்பதும், பின்வாசலைப் பார்ப்பதும், என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். பேச்சுவாக்கில் என் நாடியைக்கூடப் பிடித்துப் பார்த்துவிட்டார்.

கடைசியில் அக்கா பொறுக்கவில்லை. "ஏங்க, என் தம்பிக்கு மட்டும் ஏன் கஞ்சி?"

டிரஸ்ஸர் தொண்டையைச் செருமினார். மேஜையிலிருந்து எங்கள் தோட்டத்து மருந்துப் புத்தகத்தை எடுத்து என் மடியில் விரித்தார். அதில் என் பேர். அதற்கு நேரே நோய் என்ற இடத்தில், மலச்சிக்கல். அதற்கு நேரே, விளக்கெண்ணெய் இரண்டு பாட்டில். கீழே என் கையெழுத்து, சுழியெல்லாம் போட்டு.

"முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன் தம்பி" என்றார் டிரஸ்ஸர். "ரெண்டு ஸ்பூன் குடுப்பேன். பெரிய ஆளுன்னா மூணு. ரெண்டு பாட்டிலு கேட்டு வாங்குற உடம்ப நான் பாத்ததே இல்ல."

எனக்குக் காதிலிருந்து புகை வந்தது. "ஐயா, அது எனக்கு இல்ல. மோட்டார் சைக்கிளுக்கு!"

உண்மையைப் போலப் பச்சைப் பொய்யாகத் தெரிவது உலகத்தில் வேறெதுவும் கிடையாது. அத்தான்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். "வாங்க, காட்டறேன்!" என்று எல்லாரையும் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். இன்ஜினுக்கு அடியில் கையை விட்டேன். திருகாணி இல்லை. வாஷர் இருந்த இடத்தில் கொஞ்சம் பிசின் ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டியை ஆட்டினேன், சாய்த்தேன், கிட்டத்தட்டத் தலைகீழாகவே பிடித்தேன். ஒரு சொட்டு விழவில்லை. இருந்ததெல்லாம் பதினோராவது மைலில் போய்விட்டது.

எல்லாரும் வண்டியைப் பார்த்தார்கள். பிறகு, ஒரே சமயத்தில், என் வயிற்றைப் பார்த்தார்கள்.

மறுபடியும் அதே நாற்காலி. பெண்ணின் அம்மா அக்காவிடம், "அடுத்த வாரம் வேற ஒரு எடத்துல இருந்தும் வர்றாங்க. எல்லாம் பாத்துட்டுச் சொல்லியனுப்பறோங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். முடிந்தது. ரயில் நிலையத்தில் பார்த்த அந்தப் பெண்ணை ஜொகூர் பாரு வாத்தியார் கட்டிக்கொண்டு போகப்போகிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் அதையும் வயிற்று வலி என்றுதான் எழுதிக்கொள்வார் என்று பயந்து அடக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் சமையலறைக் கதவோரத்திலிருந்து அவள் குரல் வந்தது. கடலைக்காரனிடம் பேசிய அதே குரல்.

"அப்பா, மணி என்ன?"

"ஆறே கால். ஏம்மா?"

"இவர் வந்து ஒண்ணே கால் மணி நேரமாச்சு. நேத்துச் சாயங்காலம் வாங்கினது. ரெண்டு பாட்டிலு உள்ள போயிருந்தா இவ்வளவு நேரம் நாற்காலியில உக்காந்திருப்பாரா?"

டிரஸ்ஸர் கடிகாரத்தை எடுத்து இன்னொரு தரம் பார்த்தார். முப்பது வருஷ அனுபவம் அவர் முகத்தில் மெதுவாக வேலை செய்தது.

"வாஸ்தவம்தான்" என்றார். "உக்காந்திருக்க முடியாது. துரையா இருந்தாலும் முடியாது." பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், லயத்தில் சாத்திய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. "எம்மா, இவருக்குக் கேசரி கொண்டா!"

மோட்டார் சைக்கிள் அதற்குப் பிறகு ஓடவே இல்லை. மாட்டு வண்டியில் அக்கா, அத்தான், வண்டி, நான் என்ற வரிசையில் ஊர் திரும்பினோம். அடுத்த தை மாதம் கல்யாணம்.

ஆனால் அன்றைக்கு உட்கார்ந்தவன்தான், இன்றுவரை எங்கேயும் என்னால் சீக்கிரம் எழுந்து வர முடிவதில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும், நான் கொஞ்சம் முன்னால் எழுந்தால் போதும், மாமனார் வழிச் சொந்தம் மொத்தமும் தலையை நிமிர்த்தி ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். அதனால் கால் மரத்துப் போனாலும், பந்தி முடிந்து இலையெடுத்தாலும் அசைய மாட்டேன். போன மாதம்கூட ஒரு கல்யாணத்தில் விளக்கையெல்லாம் அணைத்து, நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். என் மனைவி வந்து பக்கத்தில் நின்று தோளைத் தொட்டாள்.

"எழுந்து வாங்க" என்றாள். "எல்லாரும் நம்பிட்டாங்க."