தேங்குநீர் ஆபீஸுக்கு வந்த மோடு மேனேஜர்

ராயபுரம் கல்மண்டபத்துல தேங்குநீர் மேற்பார்வை அலுவலகம்னு ஒண்ணு கீது. தெருவுல தண்ணி நின்னா அதை மேற்பார்வை பாக்குறது அதோட கடமை. எடுக்குறதும் கடமையான்னு மேலிடத்தைக் கேட்டு எழுதியிருக்காங்க. பதில் வந்ததும் எடுத்துடுவாங்க.

அங்க சீனியர் கிளார்க்கு அம்புரோஸ். வூடு ரெண்டு தெரு தள்ளி. மதியம் நடந்து போயி நெத்திலிக் கொழம்பு சாப்ட்டு, கண்ணசந்து, மிச்சத் தூக்கத்தை ஆபீஸுக்கு வந்து முடிப்பாரு. இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஒரே பயம், எண்ணூர் குடோன். டிபார்ட்மென்ட்டு ஒடைஞ்ச பைப்புங்களையும் தண்டனை வாங்குன கிளார்க்குங்களையும் போட்டு வெக்கிற எடம். பேச்சுத் துணைக்குப் பைப்புதான்.

தூங்காத நேரத்துல கம்ப்யூட்டர்ல ஒரு ஆட்டம் ஆடுவாரு. வாளு, மந்திரவாதி, டிராகன்னு பெரிய ராஜாங்கம். கம்பெனி குடுத்த ஆட்டம் போதாதுன்னு அதுமேல மோடு மோடா ஏத்திக்கினே இருப்பாரு. மோடுன்னா ஒட்டு வேலை. குதிரைக்குப் பதிலா ஷேர் ஆட்டோ வர ஒரு மோடு, மழை பேஞ்சா தெருவுல தண்ணி நிக்காம போவ ஒரு மோடு. ஷேர் ஆட்டோவைக் கூட நம்பிட்டாரு, தண்ணி போறதைத்தான் நம்ப முடியல. இந்த மோடுங்க ஒண்ணை ஒண்ணு கடிச்சிக்காம வரிசைல நிக்கவெக்கிற சாப்ட்வேருக்குப் பேரு மோடு மேனேஜர். டிக்கு அடிச்ச மோடு ஓடும், டிக்கை எடுத்தா அது கணக்குலயே இல்ல. அதுல முக்கியமான சட்டம் ஒண்ணுதான்: ரெண்டு மோடு மோதிக்கினா, கடைசியா ஏறுனது சொல்றதுதான் செல்லும்.

ஒருநாள் டிராகனுக்கு லுங்கி கட்டிவுட மோடு ஏத்திக்கினு இருந்தப்ப, முதுகுக்குப் பின்னாடி ஒரு இருமல். புது ஆபீசர் சுப்பராயன். ஸ்டார் ஓட்டல்ல டிஜிட்டல் நிர்வாகப் பயிற்சி முடிச்சிட்டு அப்பதான் வந்திருந்தாரு. அங்க குடிச்ச சூப்போட சூடு இன்னும் ஆறல.

"என்னய்யா இது?"

ஸ்கிரீன்ல வரிசையா பேருங்க, பக்கத்துல டிக்கு, அங்கங்க மஞ்சள் முக்கோணம். அம்புரோஸ் கண்ணு முன்னாடி குடோன் கேட்டு தொறந்துது.

"ஆபீஸ் நிர்வாக சாப்ட்வேர் சார்."

"மஞ்சளா இருக்கே?"

"ஒருத்தர் உத்தரவும் இன்னொருத்தர் உத்தரவும் மோதுது சார்."

"யாரு ஜெயிப்பா?"

"கடைசியா ஏறுனவரு சார்."

"பிரமாதம்! எப்பய்யா கத்துக்கிட்டே இதெல்லாம்?"

"ஆபீஸ் நேரத்துலதான் சார்."

மறுநாளே சுற்றறிக்கை. "இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், இவ்வலுவலகம் இனி மோடு மேனேஜர் முறையில் இயங்கும். மோதல் எழுமிடத்து, அன்றைய தினம் கடைசியாக அலுவலகத்தில் ஏறியவரின் சொல்லே இறுதியானது. மீறுபவர் எண்ணூர் அனுப்பப்படுவர்."

அன்னிக்கு டைப்பிஸ்ட் ஐரீன் லேட்டா வந்தாங்க. லீவு கேட்டாங்க. கடைசியா ஏறுனவங்களாச்சே, அவங்களே சாங்ஷன் பண்ணிக்கினு போயிட்டாங்க. அதுலருந்து எல்லாரும் உஷார். யாருமே ஏறல. ஆபீஸே வாசல் டீக்கடைல குந்திக்கினு ஒருத்தரை ஒருத்தர் முறைச்சிக்கினு இருந்துது. மிஷின் பாத்துக்க அம்புரோஸ் மட்டும் உள்ள.

சுப்பராயன் போன் போட்டாரு. "ஐரீன், எங்கம்மா இருக்கே?"

"கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுல மாட்டிக்கினேன் சார். நீங்க ஏறுங்க."

"நானும் அதே கேட்டுலதாம்மா."

"இல்லியே சார், ஆபீஸாண்ட கன்டெய்னர் லாரிக்குப் பின்னாடி உங்க ஜீப்பு தெரியுதே?"

"கேட்டுலருந்து எப்படிம்மா தெரியுது?"

ரெண்டு பேரும் மரியாதையா போனை வெச்சிட்டாங்க.

இந்த நேரத்துலதான் சொக்கம்மா வந்தாங்க. மீன்பிடி துறைமுகத்துல ஐஸ் ஒடைக்கிறவங்க. வூட்டாண்ட கால்வா அடைச்சி, கலீஜ் தண்ணி அடுப்பு வரைக்கும் வந்துடுச்சி. அம்புரோஸ் புகாரை மிஷின்ல ஏத்துனாரு. செவப்பு எரிஞ்சிது.

"அடைப்பு எடுக்க ரோடு வெட்ட பர்மிஷன் வேணும்மா. பர்மிஷனுக்கு ரோடு காஞ்சிருக்கணும். ரோடு காய அடைப்பு எடுக்கணும்."

"அப்பால?"

"அப்பால மறுபடி பர்மிஷன்."

"இன்னா நைனா, டபாய்க்கிறியா?"

"இரும்மா, இதுக்கும் வழி கீது." சொக்கம்மா பேர்ல இருந்த டிக்கை எடுத்தாரு. செவப்பு போயி பச்சை வந்துச்சி. "பாத்தியா? பிரச்சினையே இல்ல."

"எனுக்கா?"

"ஆபீஸுக்கு."

இப்பிடியே எல்லாப் புகாருக்கும் டிக்கை எடுத்ததுல ஸ்கிரீன் பூரா பச்சை. மேலிடத்துலருந்து பாராட்டுக் கடிதம்: "ராயபுரத்தில் எஞ்சியுள்ள நீர், மக்களின் உணர்வு சார்ந்தது மட்டுமே."

சொக்கம்மா வுடல, திரும்பி வந்தாங்க. "இங்க யாரு சொன்னா செல்லும்?"

"கடைசியா ஏறுறவங்க சொன்னா."

"ஆபீஸ்காரங்கதான் ஏறணும்னு எழுதிக்கீதா?"

அம்புரோஸ் சுற்றறிக்கையைத் திருப்பித் திருப்பிப் படிச்சாரு. எழுதல.

மறுநாள் சாயங்காலம், ஐரீன் பொறுமை கெட்டு ஏறுனதும், "நான்தான் கடைசி!"ன்னு சுப்பராயன் ஜீப்புலருந்து குதிச்சி ஓடியாந்தாரு. அவரு மூச்சு வாங்குறதுக்குள்ள, பொடவைல ஐஸ் தண்ணி சொட்டச் சொட்ட சொக்கம்மா ஏறி வந்து அவரு சீட்டுல குந்திக்கினாங்க.

"எழுந்திரும்மா!"

"மாமு, உன் உத்தரவும் என் உத்தரவும் மோதுது."

"மஞ்சள் எரியுது சார்," அப்பிடின்னாரு அம்புரோஸ். "கடைசியா ஏறுனது அவங்கதான்."

வெளிய போயி மறுபடி ஏறிடலாம்னு சுப்பராயன் வாசப்பக்கம் பாத்தாரு. சொக்கம்மா வரும்போதே கேட்டைப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கினு வந்திருந்தாங்க. சொந்தச் சுற்றறிக்கையை மீறுனா எண்ணூர். நல்ல அதிகாரியா கையக் கட்டிக்கினு நின்னாரு.

"நாளிக்கு என் தெரு கால்வாய தோண்டுறீங்க."

"பர்மிஷன்?"

"குட்த்துட்டேன்."

தோண்டுனாங்க. தண்ணி போயிடுச்சி. சொக்கம்மா மட்டும் போகல. அந்த சீட்டுக்கு மேல ஃபேன் ஓடுது பாருங்க. தெனமும் கடைசியா ஏறி, கேட்டைப் பூட்டிடுவாங்க.

ஒருநாள் அடுத்த தெரு சாண்ட்ரா காலைலருந்து உள்ள காத்துக்கினு இருந்தாங்க. "உங்க தெருவுல தோண்டுனதுலருந்து மொத்தத் தண்ணியும் எங்க வூட்லதாங்க்கா."

சொக்கம்மா போடாத கண்ணாடிக்கு மேல அவங்களை ஒரு பார்வை பாத்தாங்க. "அம்புரோஸு, இந்தம்மா டிக்கை எடு."

"பாவம் மேடம், நெசமாலுமே தண்ணி..."

"எண்ணூர் கடக்காத்து ஒடம்புக்கு நல்லதாமே நைனா?"

அம்புரோஸ் டிக்கை எடுத்துட்டாரு.

சாண்ட்ரா சீட்டைப் பாத்தாங்க. ஃபேனைப் பாத்தாங்க. அப்பால அம்புரோஸ் காதாண்ட குனிஞ்சி மெதுவா கேட்டாங்க:

"அண்ணாத்தே, இந்தம்மா டெய்லி எத்தினி மணிக்கு ஏறுது?"