சலவைக்கல் பெண்ணுக்குக் கட்டிய வேட்டி

கல்கத்தாவில் ஒரு நாளாவது கோபப்படாமல் கழித்த தமிழர்கள் உண்டு. கண்டனம் சார் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர் அல்ல. எழுபதுகளில் டாக்குரியா மெஸ்ஸில் எனக்கு அடுத்த கட்டில் அவருடையது. ஏதோ கம்பெனியில் அக்கவுண்டன்ட். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். ரசத்தில் புளி தூக்கலாக இருந்தாலும் கண்டனம், பஸ் நேரத்துக்கு வந்துவிட்டாலும் கண்டனம்.

ஊரிலிருந்து புதிதாக யார் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வடக்குக் கல்கத்தாவுக்கு இழுத்துக்கொண்டு போவார். அங்கே ஒரு பழைய ஜமீன்தார் மாளிகை. ரசிக்க அல்ல, திட்ட. தோட்டத்தில் கிரேக்கத் தூண்கள், கல் சிங்கங்கள், சீனத்து மண்டபம், தண்ணீர் வராத இத்தாலிய நீரூற்று. அதன் நடுவே குடம் ஏந்திய சலவைக்கல் பெண் ஒருத்தி. பேருக்குக்கூட உடம்பில் துணி கிடையாது.

"குடியானவன் வயித்துல அடிச்ச காசுய்யா இது. அதுல கப்பலேத்திக் கொண்டுவந்து, இந்தப் பொண்ணை வெயில்லயும் மழையிலயும் இப்படியா நிக்க வைப்பான்?" என்று, செத்துப்போன ஜமீன்தாரை விளாசுவார்.

ஒரு ஞாயிறு பொறுக்கமாட்டாமல் தன் எட்டு முழ வேட்டியைப் பையில் கொண்டுவந்து, தோளிலிருந்து கணுக்கால் வரை அவளுக்குச் சுற்றிவிட்டார். பிறகு வாராவாரம் மாற்று வேட்டி. அழுக்கை மெஸ்ஸில் அவரே துவைப்பார். துணியைக் கண்டதும், தோட்டத்துக் குளத்தில் குளிக்க வரும் பெண்கள் அவள் நெற்றியில் சிந்தூரம் வைத்து, காலடியில் செம்பருத்தி போட ஆரம்பித்தார்கள். மூடநம்பிக்கை என்று அதற்கும் கண்டனம்.

அப்புறம் அந்த ஜமீன்தாரின் உதவாக்கரை வாரிசுகள் மாடிவீடு கட்டுகிறவனுக்குத் தோட்டத்தையும், ஒரு வியாபாரிக்குச் சிலைகளையும் விற்றுவிட்டார்கள். கேட்டு எனக்கே ரத்தம் கொதித்தது. கண்டனம் சார் சட்டையை மாட்டிக்கொண்டே கத்தினார்.

"வயசுப் பொண்ணை விலை பேசியிருக்கானுங்கய்யா."

நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது சிங்கங்களெல்லாம் லாரியில் ஏறிவிட்டிருந்தன. கூலியாட்கள் நீரூற்றுக்கு வந்தார்கள். வேட்டியையும் சிந்தூரத்தையும் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். மேஸ்திரி, இது மா, அம்மன், நாங்கள் கை வைக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார். வியாபாரி கத்தினான். குளத்துப் பெண்கள் ஈரப் புடவையோடு வந்து அவளைச் சுற்றி நின்றார்கள்.

கண்டனம் சாரின் கழுத்து நரம்பு புடைத்தது. சாமியாவது பூதமாவது, இவள் இத்தாலிக்காரி என்று கூலியாட்களுக்கு விளக்கப் போகிறார்! அவர் கையைப் பிடித்தேன்.

"சார், இன்னிக்கு ஒரு நாள் வேண்டாம்."

திறந்த வாய் திறந்தபடி அவளைப் பார்த்தார். வாயை மூடினார். பிறகு, தமிழன் மாரியம்மன் முன்னால் போட்டுக்கொள்வதுபோல், எல்லாரும் பார்க்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். லாரி அவள் இல்லாமல் போய்விட்டது.

மறுநாள் காலை மெஸ் கொடியில், தீபாவளிக்குக்கூடத் தனக்கென்று வாங்காத ஜரிகை வேட்டி ஒன்று கஞ்சி போட்டுக் காய்ந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு சாந்தமான மனிதர்கள் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். மனசு தேடுவது அவரைத்தான்.