இரண்டு வட்டத்தில் முடியாது

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை சல்லடை போட்டுச் சலித்தாலும் ‘வட்டம்’ மாதிரி இன்னொரு ஆசாமி கிடைக்க மாட்டான். என்ஜினீயரிங் ஹாஸ்டலில் என் அறைத்தோழன். எதைப் பார்த்தாலும் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வட்டம் போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி இழுத்து, ‘ஸ்டேட் மெஷின்’ ஆக்கிவிடுவான். அதனால் அந்தப் பெயர்.

லாஜிக் வேறு அவனுக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. ஒருநாள் காலை நாங்கள் போன பஸ் கூட்டேரிப்பட்டில் நின்றது. “டீ குடிக்கிறவங்க எறங்குங்கப்பா” என்றார் கண்டக்டர். இவன் இறங்கி, டீக்கடை பெஞ்சில் சும்மா உட்கார்ந்தான். கடைக்காரர் முறைத்தார்.

“டீ குடிக்கிறவங்க எறங்கணும்னுதாண்ணே சொன்னாரு. எறங்கினவங்கல்லாம் டீ குடிக்கணும்னு சொல்லலியே.”

“காலைலயே பேஜாரு பண்ணிக்கினு வந்துட்டான் பாரு” என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்குப் பாடம் புரியவைக்க ஹாஸ்டல் சுவரில் வார்டனையே மெஷினாக வரைந்தான். தூக்கம், சாப்பாடு, கோபம் என்று மூன்று வட்டம். மாணவனைப் பார்த்தால் எந்த வட்டத்திலிருந்தும் அம்பு கோபத்துக்குப் போகும். கோபத்திலிருந்து வெளியே வர அம்பே கிடையாது. பின்னால் வந்து நின்று படித்த வார்டன் கத்திய கத்தலில் மாடிப் பசங்கள் இறங்கி வந்துவிட்டார்கள். இவன் என் காதில், “பாத்துக்கோ மச்சான், மெஷினு சரியா ஓடுது” என்றான். எனக்கு அந்தப் பாடம் அப்படித்தான் ஏறியது.

கடைசி செமஸ்டர் பரீட்சை. சுழியும் ஒன்றுமாக வரும் வரிசையில் ஒன்றுகளின் எண்ணிக்கை மூன்றால் வகுபடுகிறதா என்று பார்க்க, இரண்டே வட்டத்தில் மெஷின் வரையச் சொல்லியிருந்தார்கள். அச்சுப்பிழை. மூன்று வட்டம் இல்லாமல் அது நடக்காது. நாங்கள் எல்லோரும் கமுக்கமாக மூன்று போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம். இந்த மகராசன் மட்டும் இரண்டில் முடியவே முடியாது என்று பக்கம் பக்கமாக நிரூபித்தான். மெஷின் வரையவில்லை என்று அந்தக் கேள்விக்கு முட்டை போட்டார்கள். அந்த மதிப்பெண் இல்லாமல் ஃபெயில். அரியர் இருந்தால் வேலை கிடையாது என்று, கேம்பஸ் இன்டர்வியூவில் அவனை எடுத்திருந்த கம்பெனி ஏற்கெனவே சொல்லியிருந்தது.

துறைத் தலைவரிடம் போனான், என்னையும் கூட்டிக்கொண்டு.

“கேள்வி தப்புன்னு வேற யாராவது சொன்னாங்களா?” என்று கேட்டார் அவர்.

வட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தான். தப்பென்று தெரிந்ததால்தானே நான் மூன்று போட்டேன்? ஆனால் என் புராஜெக்ட் மதிப்பெண் இன்னும் அவர் கையில் இருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “அப்புறம் என்னப்பா, கெளம்பு” என்று அவர் ஃபைலை மூடிவிட்டார்.

வெளியே வந்ததும் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவனோ, “உன் மேல தப்பு இல்ல மச்சான். நீ பயத்துல இருந்த. அங்கேர்ந்து அந்தக் கேள்விக்கு ஒரே அம்புதான், வாயை மூடிக்கினு நிக்கறது” என்றான். நாலு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு அரியர் எழுதி பாஸ் செய்தான். வேலை அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டது. இப்போது திண்டிவனத்தில் டியூஷன் எடுக்கிறான். நான் சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்கத்தான் போன் போடுகிறேன். எடுத்தவுடனே, “சாப்ட்டியா மச்சான்?” என்கிறான். சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அவனை மாதிரி என்னைக் கேட்க வேறு ஆள் எனக்கு இல்லை.