நீல டப்பும் வேற்றுக்கிரக வரவேற்பும்

மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போகிறவனை வரலாறு திரும்பிப் பார்ப்பதில்லை. கோடானுகோடிப் பேர் இப்படி ஏறி, எடுத்து, மடித்து, மறக்கப்பட்டிருக்கிறார்கள். இந்த அநீதியைத் தனியொரு ஆளாக நின்று துடைத்தெறிந்த பெருமை, எல்லார் வீட்டுக் கூடத்திலும் அலறும் அந்தச் செய்தி அலைவரிசையையே சேரும். அப்படி மாடி ஏறிய மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் ஒருவர் விஷயத்தில் அது காட்டிய அக்கறையை அவருடைய கூடப்பிறந்த தம்பிகூடக் காட்டவில்லை.

நடந்தது இவ்வளவுதான். விடுமுறை நாள், மதியம். மனைவி சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, ஏதோ ஒரு சூரியனைச் சுற்றும் ஏதோ ஒரு கிரகத்தில் தண்ணீர் தீர்ந்துபோகிற கதையில் மூழ்கியிருந்தார். ஜன்னலில் தூறல் தட்டியது.

"என்னங்க, தூறுது. துணியை எடுத்துட்டு வந்துடுங்க."

"இந்தப் பக்கம் முடியட்டும்."

"உங்க பக்கம் முடியறதுக்குள்ள போர்வை எல்லாம் தொப்பலாயிடும்."

"அங்க ஒரு சொட்டு இல்லாம செத்துட்டிருக்காங்க. உனக்கு இங்க தூறல் கசக்குது."

முணுமுணுத்துக்கொண்டே, கண்ணாடி துடைக்கும் துணியைப் பக்கத்துக்கு அடையாளமாக வைத்துவிட்டு, அவர் எழுந்து போனார்.

மேலே மழை வலுத்தது. எடுத்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டு, துணி அள்ளும் நீல பிளாஸ்டிக் டப்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். படிக்கட்டுக் கூரைக்குள் வந்ததும் மேல்படியில் உட்கார்ந்தார். இதயம் அங்கேயே நின்றுவிட்டது. மனைவி தேடிப் போனபோது சுவரில் சாய்ந்திருந்தார். மடியில் துணிக்குவியல். பக்கத்தில் டப்.

எதிர்வீட்டுக்காரர் தம் ஜன்னலிலிருந்து பார்த்தது இன்னும் சுருக்கம். தலையில் என்னவோ மாட்டிய ஒருவர் வானத்தைப் பார்த்து நின்றார், பிறகு உள்ளே போனார், பிறகு வரவில்லை. இதோடு இன்னொரு தகவலையும் அவர் மனமுவந்து சேர்த்துக்கொடுத்தார். கண்ணாடிக்கடை மாடியில் மாதம் ஒருமுறை சிலர் கூடி ராக்கெட், கிரகம் என்று பேசுவார்களாம், சத்தமாகச் சிரிப்பார்களாம். அறிவியல் கதை படிப்பவர்களின் கூட்டம் அது. கடைக்காரரின் மனைவி அதற்கு வைத்திருந்த பெயர் 'ராக்கெட் கோஷ்டி'.

அலைவரிசையில் இருந்த ஒரு மேதைக்கு இவ்வளவு போதாதா? அன்று மாலையே திரையில் எழுத்துகள் ஓடின: 'வேற்றுக்கிரகவாசிகளை வரவேற்க மாடி ஏறிய ரசிகர் மர்ம மரணம்.'

தகனமெல்லாம் முடிந்த மறுநாள் செய்தியாளர் கேமராமேனோடு வீட்டுக்கே வந்தார். குற்றம் சொல்ல முடியாத மரியாதை. செருப்பைக் கழற்றினார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், 'ரசிகர்களின் மனிதமுகத்தை' உலகுக்குக் காட்டப்போவதாகச் சொன்னார். அந்த முகங்களில் இரண்டு அப்போது வீட்டிலேயே இருந்தன. ராக்கெட் கோஷ்டியைச் சேர்ந்த பல் டாக்டரம்மாவும் பஸ் டிரைவரும் துக்கம் கேட்க வந்திருந்தார்கள். செய்தியாளர் அவர்களை மேலும் கீழும் பார்த்தார். ஏமாற்றத்தை மறைக்க அவர் பட்ட பாடு பரிதாபமாக இருந்தது.

கூட்டத்துக்கு என்ன உடை அணிவீர்கள் என்று டிரைவரைக் கேட்டார். டியூட்டி முடிந்து நேராக வருவதால் காக்கிதான் என்றார் டிரைவர். அதற்கு மேல்? மழைக்காலத்தில் ஸ்வெட்டர். டாக்டரம்மாவிடம், கல்யாணம் ஆகிவிட்டதா, பெற்றோருடன்தான் இருக்கிறீர்களா, வெளி ஆட்களோடு பழகக் கூச்சம் உண்டா என்று அனுதாபத்தோடு விசாரித்தார். தினமும் அறிமுகமில்லாதவர்களின் வாய்க்குள் கையை விடுவதாக அவர் பதில் சொன்னார். அந்தப் பதில் பயன்படாது என்று கேமராமேன் தலையசைத்தார்.

"தலையில ஏதாவது மாட்டிக்கிட்டு ஒரு ஷாட் கொடுக்கலாமே," என்றார் செய்தியாளர். "சும்மா, ஒரு ஃபீலுக்கு."

"எங்க அண்ணன் செத்து ஒரு வாரம்கூட ஆகல சார்," என்றார் டிரைவர்.

"அதனாலதான் சார் கேக்கறேன். அப்புறம் செய்தி பழசாயிடும்."

பிறகு மனைவியின் முறை. கணவர் அடிக்கடி வானத்தைப் பார்ப்பாரா? கொடியில் துணி இருந்தால் பார்ப்பார். நிஜ உலகத்தோடு அவருக்குத் தொடர்பு இருந்ததா? அவள் யோசித்தாள். ஒருநாள் செய்தித்தாளைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து அவள் படித்ததை அவர் பார்த்துவிட்டு, மறுநாளே அவளுக்குப் படிக்கும் கண்ணாடி செய்துகொண்டு வந்திருந்தார். அதைத்தான் சொன்னாள். கேமராமேன் மறுபடி தலையசைத்தார்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"தம்பி, அவர் துணி எடுக்கத்தான் போனார். நான்தான் போகச் சொன்னேன். அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிடுங்க. ஊரெல்லாம் அவரைக் கோமாளின்னு நினைக்குது."

"கவலையே படாதீங்க மேடம். அதுதான் ஸ்டோரியே."

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். அந்த வாரமே சிறப்பு நிகழ்ச்சி வந்தது. பச்சை வெளிச்சம், திகில் இசை, டப்பைச் சுற்றிச் சுற்றி வரும் கேமரா. நடுவில் அவள் முகம். "அவர் துணி எடுக்கத்தான் போனார்" என்று சொல்கிறாள். கீழே எழுத்துகள்: 'மறைக்கத் துடிக்கும் மனைவி. மாடியில் நடந்தது என்ன?' ஸ்வெட்டர் என்ற சொல்லை மட்டும் டிரைவர் சொன்னார். உடனே விண்வெளி உடை அணிந்த யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் மிதந்தார். நிபுணர் ஒருவர் தோன்றி, இப்படிப்பட்டவர்கள் கற்பனைக்கும் உண்மைக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள், பெற்றோர் விழிப்போடு இருக்க வேண்டும் என்று எச்சரித்தார். கண்ணாடிக்கடைக்காரருக்கு வயது ஐம்பத்தாறு. அவருடைய பெற்றோர் இனி விழிப்பது சிரமம்.

அடுத்து வந்தது ராசிபலன். சனி கோபமாக இருப்பதால் சில ராசிக்காரர்களுக்குப் பதவி உயர்வு தள்ளிப்போகும் என்று அதே அலைவரிசை அறிவித்தது. ஒரு கிரகத்தில் யாராவது இருக்கலாம் என்று நினைப்பது நோய். அந்தக் கிரகமே இறங்கி வந்து அலுவலக விஷயத்தில் தலையிடுவது தகவல். இந்த நுட்பமான வேறுபாடு நம்மைப் போன்ற பாமரர்களுக்குப் புரியாது.

மறுநாள் அவள் தொலைபேசியில் அழைத்துப் புகார் சொன்னாள். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"உங்க புகார் பதிவு செய்யப்பட்டதும்மா. சம்பந்தப்பட்ட பிரிவு உங்களைத் தொடர்புகொள்ளும்."

கடைக்காரரின் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில், குழாயில் தண்ணீர் வராதவர்களிடம் வருஷக்கணக்காக இதே வாக்கியத்தை இதே குழைவோடு சொல்லிவருகிறவள் அவள். சம்பந்தப்பட்ட பிரிவு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். அவள் அலுவலகத்தில் அது, உடைந்த நாற்காலிகள் போட்டுப் பூட்டிய ஓர் அறை.

ஆனால் இவர்கள் வாரியத்தைப் போல அல்ல. நேர்மையானவர்கள். அந்த வாரக் கடைசியிலேயே திருத்தம் வெளியிட்டார்கள். 'வேற்றுக்கிரக ரசிகரின் தலைக்கவசம் வெள்ளி நிறம் என்று தவறுதலாகக் கூறப்பட்டது. அது நீல நிறம். தவறுக்கு வருந்துகிறோம்.'

"அண்ணி, கேஸ் போடலாம்," என்றார் டிரைவர்.

"போட்டா அதையும் காட்டுவாங்க," என்றார் டாக்டரம்மா.

அவள் அவருடைய புத்தக அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் படித்த ஒவ்வொரு புத்தகத்தின் அட்டையிலும் இது கதை, முழுக்கக் கற்பனை என்று அச்சிட்டிருந்தது. அவரும் அதைக் கதை என்றுதான் படித்தார். அந்த வீட்டில் அட்டையும் எச்சரிக்கையும் இல்லாமல் உள்ளே வந்தது ஒன்றுதான். அவர் இறந்த நாள் காலை, மேகத்தைப் பார்த்துவிட்டுத் துணி காயப்போட அவர் தயங்க, இருவரும் தொலைக்காட்சியைப் போட்டார்கள். நாள் முழுவதும் வானம் தெளிவாக இருக்கும், துளி மழைக்கும் வாய்ப்பில்லை என்று அதே அலைவரிசை உறுதியாகச் சொன்னது. கண்ணாடிக்கடைக்காரர் தம் வாழ்நாளில் உண்மை என்று நம்பிய ஒரே கற்பனைக் கதை அதுதான். போர்வைகளைக் கொடியில் போட்டது அவரேதான்.

அவர் மடியில் இருந்த துணியை அவள் அப்புறம் எடுத்து மடித்து வைத்தாள். எதுவும் நனைந்திருக்கவில்லை.