மூவாயிரம் வருஷத்துத் தீட்டு

வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்லுபாளையாவுக்குப் போய்க் கல்வட்டங்களைப் பார்த்தே தீருவது என்று ஆராவமுதன் முடிவு செய்துவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரக முடிவு. வானம் இடிந்து விழுந்தால் குடையைப் பிடித்துக்கொண்டு போவதாக உத்தேசம்.

காரணம் இருந்தது. சர்க்கார் ரிக்கார்டு ரூமில் இருபத்தெட்டு வருஷமாக அவர் தூசி தட்டிய கட்டுகளில் கல்லுபாளையா கட்டும் ஒன்று. அதில் எந்தக் காலத்துச் சர்வேக்காரனோ எழுதி வைத்திருந்தான்: "வட்ட வட்டமாக நட்ட கற்கள். சாகுபடிக்கு உதவாது." அந்த வரியை எத்தனையோ தடவை படித்துவிட்டார். அடுத்த மாதம் ரிட்டயர் ஆகிறார். யாருக்கும் உதவாமல் அத்தனை காலம் ஒரே இடத்தில் நின்றவற்றைக் கண்ணால் பார்க்காமல் ஆபீஸை விட்டுப் போவது அவருக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது.

தனியாகப் போக வேண்டும். அதுதான் முக்கியம். மனைவி அனந்தலக்ஷ்மியின் அண்ணா சேஷகிரி பெங்களூர் மல்லேஸ்வரத்தில் அவர் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்தார். அவர் கூட வந்தால் எந்த இடத்தையும் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். போன வருஷம் சிவசமுத்திரத்தில் அவர் அருவியைப் பற்றிப் பேசிய பேச்சில் அருவிச் சத்தம் யார் காதிலும் விழவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"அனந்தம், ஞாயித்துக்கிழமை நான் மாகடி ரோடு பக்கம் கல்லுபாளையா போறேன். கல்வட்டம் பாக்க."

அனந்தலக்ஷ்மி கல் பொறுக்கிக்கொண்டிருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை மேக்கே சூலமாச்சே."

"அதுக்குப் பரிகாரம் வெல்லம்தானே?" எழுந்து போய் ஒரு கட்டி வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்குப் புதன்கிழமை."

"முன்கூட்டியே இருக்கட்டும்."

"சரி, அண்ணாவையும் அழைச்சுண்டு போவோம். பாவம், எங்கேயும் போறதில்லை."

ஆராவமுதன் இதை எதிர்பார்த்திருந்தார். பிரம்மாஸ்திரத்தை எடுத்தார்.

"அங்கே நீங்கள்ளாம் வரப்படாது. அது சுடுகாடு. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்தவாளைப் பொதைச்சு மேலே கல்லு நட்டிருக்கா. புஸ்தகத்திலேயே இருக்கு."

அனந்தலக்ஷ்மி முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று இரவு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

வியாழக்கிழமை காலை காப்பியோடு தீர்ப்பும் வந்தது.

"ஏன்னா, நீங்களும் போக வேண்டாம்."

"ஏன்?"

"புரட்டாசி மாசம். ஆத்துல பெருமாள் எழுந்தருளியிருக்கார். சுடுகாட்டை மிதிச்சுட்டு வந்து அந்தத் தீட்டோட வாசப்படி ஏறுவேளா?"

"மூவாயிரம் வருஷத்துத் தீட்டுடீ. இந்நேரம் ஆறிப் போயிருக்கும்."

"தீட்டு என்ன காப்பியா, ஆறறதுக்கு?"

நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது ஒரு தடவைதான் கெடுதல். ஆராவமுதன் விடுகிற ஆள் இல்லை. இரவு முழுக்க யோசித்தார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் வாசலில் பால்காரன் கிருஷ்ணப்பாவை மடக்கினார். கிருஷ்ணப்பாவுக்குக் கல்லுபாளையாவுக்கு அடுத்த ஊர்.

"அந்தக் கல்லுங்களைப் பத்தி உங்க ஊர்ல என்ன சொல்றா?"

"அதா சாமி? அது பாண்டவர மனெ. பாண்டவங்க வீடு. பீமசேனன் ஒத்தக் கையிலே தூக்கி வெச்ச கல்லு."

ஆராவமுதனுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சமையலறை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "அதை அம்மாகிட்டே அப்படியே சொல்லு."

கிருஷ்ணப்பா சொன்னான். வருஷா வருஷம் அங்கே தேங்காய் உடைப்பதையும் சேர்த்துச் சொன்னான். அனந்தலக்ஷ்மி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாண்டவா இருந்த இடமா? சுடுகாடுன்னு சொல்லி என்னையும் அபசாரம் பேச வெச்சுட்டேளே."

"புஸ்தகத்துல தப்பாப் போட்டிருக்கான். அப்போ நான் போகலாமோல்லியோ?"

"நீங்க மட்டுமா? க்ஷேத்ரத்துக்கு யாராவது ஒண்டியாப் போவாளா? அண்ணா, மன்னி, கொழந்தைகள் எல்லாரும் போவோம். நீங்க வேன் பேசுங்கோ. நான் புளியோதரைக்குப் புளி கரைக்கறேன்."

ஆராவமுதன் வாயைத் திறந்தார். மறுபடியும் சுடுகாடு என்று சொன்னால் பயணமே கிடையாது. மூடிக்கொண்டார். கல்வட்டம் பார்த்தால் போதும், காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு வேன் பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேரோடு வேன் கிளம்பியது. எல்லோர் வாயிலும் வெல்லம். சேஷகிரி வெல்லத்தோடும் பேசினார். பாண்டவர்கள் பெங்களூருக்கு எந்த ரோட்டில் வந்திருப்பார்கள் என்பதில் ஆரம்பித்து, திரௌபதிக்கு இந்தக் குளிர் ஒத்துக்கொண்டிருக்குமா என்பது வரைக்கும் போனார்.

கல்லுபாளையாவில் ஒரு புளியமரத்தடியில் இறங்கினார்கள். ஒரு பர்லாங் தூரத்தில், கேழ்வரகுக் கொல்லைக்கு அப்பால், கற்கள் தெரிந்தன. ரிக்கார்டுக் கட்டில் ஆராவமுதன் படித்த வரி அங்கே நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

"ஏன்னா, எங்கே கிளம்பிட்டேள்?"

"கல்வட்டம் பாக்க."

"நீங்க வரப்படாது."

"என்னது?"

"எங்களுக்கு இது பாண்டவா வாசம் பண்ணின இடம். கிருஷ்ணப்பா சொன்னான், நம்பினோம். நீங்க படிச்சவர். உங்க மனசுல இது சுடுகாடு. சுடுகாடுன்னு நெனைச்சுண்டு மிதிச்சா தீட்டுத்தான். ஸ்நானம் பண்ண இங்கே கிணறு இல்லை. அப்புறம் எங்களோட உக்காந்து எப்படிச் சாப்பிடுவேள்?"

"அனந்தம், நான் சும்மா சொன்னேன்."

"எது சும்மா? சுடுகாடுன்னதா, பாண்டவா வீடுன்னதா?"

ஆராவமுதன் யோசித்தார். முதலாவது சும்மா என்றால் கட்டின மனைவியிடம் புளுகியது ஆகும். இரண்டாவது சும்மா என்றால் பத்துப் பேரைப் புரட்டாசி மாதத்தில் சுடுகாட்டுக்கு அழைத்து வந்தது ஆகும். எது பெரிய குற்றம் என்று அவருக்குத் தெரியவில்லை. மனைவிக்குத் தெரிந்திருந்தது. அவள் முகத்தில் சிரிப்பு என்று சொல்ல முடியாத ஒன்று வந்து போயிற்று.

"குரங்கு நடமாட்டம் வேற இருக்கு. புளியோதரைக் கூடையைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். இப்படி நிழல்ல உக்காருங்கோ."

உட்கார்ந்தார். கொல்லையைத் தாண்டி எல்லோரும் கற்களுக்கு நடுவே நுழைவதும், குழந்தைகள் ஒளிந்து விளையாடுவதும், அனந்தலக்ஷ்மி ஒவ்வொரு கல்லையும் கும்பிடுவதும் தெரிந்தன. இரண்டு குரங்குகள் வந்து அவரையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தன. அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து எல்லோருக்கும் முன்னால் சேஷகிரி வந்து சேர்ந்தார். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆராவமுதன் தோளில் கை வைத்தார்.

"மாப்பிள்ளை, பாக்க முடியலையேன்னு கவலைப்படாதேங்கோ. ஒவ்வொரு வட்டமா நான் சொல்றேன், பெங்களூர் போய்ச் சேர்றதுக்குள்ளே பாதி முடிச்சுடலாம்."